மார்கழிக் கறியமுது

உயிர்கள் மலநீக்கம் பெற்று உய்தற்பொருட்டு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் அளித்தருள்கின்றான் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இவற்றுள் போகமாவது நுகர்பொருள். நுகர்பொருள்களுள் உயிரை உடம்போடு நாள்தோறும் பொருத்தி நிறுத்துவது உணவு. ஆதலின் சமையல் உலகியற் செயலாகத் தோன்றினும், அறிந்து செய்வார்க்கு அஃது இறைபணியேயாம். எனினும், அங்ஙனம் அறிந்து செய்வாரிடத்தும் "என் கொல்லை, என் கை, என் அடுப்பு" என்னும் எண்ணம் மெல்லென வந்து ஒளிந்துகொள்வதுண்டு. கொள்ளும் கையிடத்துத் தோன்றும் ஆணவம் எளிதிற் புலப்படும். கொடுக்கும் கையின் பின்னே ஒளிந்த ஆணவமோ கண்டறிதற்கு அரிது. திருவாதிரை நாளிற் சமைக்கும் ஒரு குழம்பினை முன்னிட்டு இவ்வுண்மை ஓர் இல்லத்தில் விளங்கிய வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது.

தமிழ்நாட்டில் வீட்டுக் கொல்லை நிறைந்து பயன்தரும் காலம், மழை தணிந்து பனி தொடங்கும் காலமாகும். பந்தலவரையும் மொச்சையும் பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் இயல்பின. ஆடியில் ஊன்றிய விதை முளைத்துக் கொடியோடிப் பந்தலை மூடியும் பூவாது காத்துநிற்கும். இரவு நீண்டு பனியிறங்கத் தொடங்கியதும் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தைத் திங்கள் வரையும் அதன் பின்னரும் காய்க்கும். ஆடி ஆவணியில் நட்ட சிறுகிழங்கு மார்கழியில் மண்ணுள்ளே திரளும். கோடையில் ஊன்றிய கருணை, தழை பழுத்து மடியுங்கால் தோண்டுதற்குரிய பக்குவம் எய்தும். பரங்கியும் பூசணியும் வேலியிலும் கூரையிலும் கிடந்து முற்றும். கோடையில் நாள்முழுதும் நீர் இறைத்தும் வாராத விளைவு, இத்திங்களிற் கேளாமலே வந்து வாயிலில் நிற்கும்.

இவ்விளைவெல்லாம் ஒருங்கு கூடும் நாள் மார்கழித் திருவாதிரை. தில்லையிற் கூத்தப்பெருமான் திருத்தேரில் உலாவந்து மறுநாள் தரிசனம் தந்தருளும் விழா அது. அன்று வீடுகள்தோறும் களியும் ஏழுகறிக் குழம்பும் நிவேதிக்கப்படும். பச்சரிசியை மணம் எழ வறுத்து ரவையாக உடைத்து, வறுத்த பாசிப்பருப்பைக் கூட்டி, வெல்லப்பாகில் வேகவிட்டு, தேங்காய்த் துருவலும் ஏலமும் நெய்யும் சேர்த்துக் கிளறி இறக்குவது களி. கொத்துமல்லி விதை, மிளகாய், கடலைப்பருப்பு, எள் என்பவற்றை வறுத்துத் தேங்காயோடு அரைத்துப் புளிநீரிற் கரைத்து, ஏழுவகைக் காய்கிழங்குகளை அதனுள் வேகவிடுவது குழம்பு. சில வீடுகளில் இதனைத் தாளகம் என்றும் வழங்குவர். ஏழு கிடையாவிடின் ஐந்து, மிகக் கிடைப்பின் ஒன்பது என ஒற்றைப்படையாகக் கொள்வது மரபு.

ஏழனையும் ஒருங்கே பானையில் இடுவார் இக்குழம்பினைக் கெடுப்பர். சிறுகிழங்கினைச் சாக்கிலிட்டுத் தரையில் அடித்துத் தேய்த்துத் தோல் நீக்கி முதலில் இடல் வேண்டும். கருணை நாவை அரிக்கும் இயல்பினதாதலின் புளிநீரில் தனியே வெந்து அடங்கிய பின்னரே ஏனையவற்றோடு கூடத்தக்கது. உலர்ந்த மொச்சையாயின் முன்னாள் இரவே ஊறல் வேண்டும். வாழைக்காயும் அவரையும் அவற்றின் பின்; பரங்கி அனைத்திற்கும் பின். பரங்கி முந்தினாற் கரைந்து உருவழியும்; கிழங்கு பிந்தினால் வேகாது நிற்கும். உயிர்களின் பக்குவமும் இத்தகையதன்றோ? மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் எனச் சத்திநிபாதம் நால்வகைப்படுதலின், ஒவ்வோர் உயிரையும் அதனதன் காலம் பார்த்து ஆட்கொள்ளும் இறைவனது பொறுமைக்கு இவ்வடுப்பும் ஒரு சிறு எடுத்துக்காட்டாகும்.

கொல்லைக் கீரையும் மழைக்காலமும் அடியார் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றவை. இளையான்குடி மாற நாயனார் செல்வமெல்லாம் கழிந்து வறுமையுற்றிருந்த நாளில், மழை பொழியும் நள்ளிரவில் இறைவன் அடியவர் திருக்கோலத்தில் அவர் வாயிலை அடைந்தான். நாயனார் பகலில் விதைத்த நெல்முளையை இருளிற் காலால் தடவிச் சென்று வாரிவந்தார். வீட்டுக் கூரையின் வரிச்சினை அறுத்து விறகாக்கினார். புழைக்கடையில் வளர்ந்தும் வளராத கீரையைப் பறித்துத் தந்தார். அவர் மனைவியார் அக்கீரை ஒன்றனையே வெவ்வேறு கறியமுதாகச் சமைத்தார் என்று பெரியபுராணம் கூறும். கணமங்கலத்து அரிவாட்டாய நாயனாரோ, கூலியாகப் பெற்ற செந்நெல் முழுவதையும் செங்கீரையோடும் மாவடுவோடும் இறைவனுக்கு ஆக்கிவிட்டு, தாம் கொல்லைக் கீரையையே உணவாகக் கொண்டார். கீரையும் அற்றபோது நீரை உணவாகக் கொண்டார். ஒன்பதாந் திருமுறையில் திருப்பல்லாண்டு அருளிய சேந்தனார், விறகு மழையில் நனைந்து விலைபோகாத நாளில் இருந்ததைக் கொண்டு களி கிண்டினார் என்பதும், அடியவராய் வந்து அதனை உண்டவன் கூத்தப்பெருமானே என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன.

இவ்வரலாறுகளைக் கேட்பார் தம்மை அறியாமலே தம்மைக் கொடுப்பவர் நிலையில் வைத்துக்கொள்வர். வந்து வாயிலில் நின்று பெற்றவன் இறைவன் என்பதனைக் கேட்டும், பெறுதலின் பெருமையை எண்ணிப் பார்ப்பார் அரியர். திருமறைக்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த அம்மையார் ஒருவரும் நெடுங்காலம் அங்ஙனமே எண்ணியிருந்தார்.

அவ்வம்மையார் 1974-ஆம் ஆண்டு மணம்புரிந்து அவ்வூருக்கு வந்தவர். கணவர் தமிழாசிரியர், விசேட தீட்சை பெற்று ஆன்மார்த்த பூசை இயற்றியவர். வீட்டின் பின்புறத்திலிருந்த பதினைந்து குழி மணற்பாங்கான நிலத்தை இருவரும் எருவிட்டுப் பண்படுத்தினர். அவ்வாண்டுத் திருவாதிரை முதல் ஏழுகறிக் குழம்பிற்குரிய ஏழும் அக்கொல்லையிலேயே விளைந்தன. கணவர் ஒரு குறிப்பேடு வைத்து, "நம் கொல்லையில் விளைந்தவை" என்று தலைப்பிட்டு, ஆண்டுதோறும் அவ்வேழின் பெயரையும் எழுதி வந்தார். அவர் 2011-இல் சிவபதம் அடைந்த பின்னர் அம்மையார் தம் கையாலேயே எழுதினார். மழை பொய்த்த ஆண்டிலும், பூச்சி விழுந்த ஆண்டிலும், எட்டாவது காய் இன்றேனும் ஏழாவது குறைந்ததில்லை. திருவாதிரை நாளில் விலைகொடுத்து வாங்கிய காயோ பிறர் தந்த காயோ அவ்வீட்டு அடுப்பில் ஏறியதில்லை. ஊரார் இதனைப் புகழ்ந்தனர். அம்மையார் அப்புகழை வெளிப்பட விரும்பினார் அல்லர். ஆயினும் வெறுத்தாரும் அல்லர்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 விடியற்குமுன் கசாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறியது. பொழுது விடிந்தபோது தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன, முருங்கை முறிந்தது, அவரைப் பந்தல் கொடியோடு தரையில் நைந்து படிந்தது, கத்தரிச் செடிகள் இருந்த இடம் தெரியவில்லை. குலை முற்றாத வாழைகள் அனைத்தும் மடிந்து வீழ்ந்தன. அம்மையார் அழவில்லை. வீழ்ந்த குலைகளைத் தறித்து எடுத்து, நனையாதிருந்த அரிசியைக் கொண்டு பெரிய பானையில் உலையேற்றினார். கூரையிழந்த அண்டைவீட்டார் ஒன்பது நாள் அவர் திண்ணையில் வாழைக்காய்க் கறியும் சோறும் உண்டனர். அவருள் கூலிவேலை செய்து பிழைக்கும் கைம்பெண் ஒருத்தியும் அவள் சிறுமகளும் இருந்தனர். ஊரில் மின்விளக்கு எரியப் பல வாரங்கள் ஆயின. அகல்விளக்கின் ஒளியிலேயே அடுப்பு எரிந்தது.

அவ்வாண்டுத் திருவாதிரைத் தரிசனம் டிசம்பர் 23. புயலுக்கும் அதற்கும் இடையே ஐந்து வாரமும் இரண்டு நாளுமே இருந்தன. அம்மையார் கொல்லையை மீண்டும் கொத்தி முளைக்கீரை தெளித்தார். அது இருபத்தைந்து நாளிற் பறிக்கும் பருவம் எய்தியது. மேலே காற்று எத்துணை வீசினும் மண்ணின் கீழ் இருந்தவை அழியவில்லை. சிறுகிழங்கும் கருணையும் தப்பின. புயலுக்கு முன்னரே அறுத்துப் பரணில் வைத்த பரங்கிக்காய் இரண்டு இருந்தன. விதைக்கென்று சாம்பல் கலந்து குடுவையில் இட்ட மொச்சை ஒரு படி இருந்தது. அதிற் பாதியை எடுப்பதென்று துணிந்தார். ஆயினும் குழம்பிற்கு ஆவன நான்கே. ஐந்தாவது இல்லை.

பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் மகன் இரண்டு நாள் முன்னதாக வந்தான். "அம்மா, வேண்டிய காய்களையெல்லாம் தஞ்சாவூர்ச் சந்தையில் வாங்கி வருகிறேன்" என்றான்.

"விலைக்கு வாங்கியது இந்நாளில் இவ்வீட்டு அடுப்பில் ஏறியதில்லை, தம்பி. உன் தகப்பனார் ஏட்டை எடுத்துப் பார். இவ்வாண்டு களியும் கீரையும் போதும், குழம்பு வேண்டா" என்றார் அம்மையார். மகன் மறுமொழி கூறவில்லை.

திருவாதிரைக்கு முன்னாள் மாலை அக்கைம்பெண் ஒரு முறத்தில் அவரைக்காய் கொணர்ந்தாள். சாய்ந்த வேலியின் மறைவில் அவள் குடிசைப் பக்கம் ஒரு கொடி மட்டும் பிழைத்துக் காய்த்திருந்தது. அதன் விதை ஆடியில் அம்மையார் கொடுத்ததே. உடன் எதிர்வீட்டார் கொடுத்தனுப்பிய வாழைக்காய் நான்கும் இருந்தன. சுவரோரத்தில் நின்ற ஒரு வாழை அவர்கட்குத் தப்பியிருந்தது. சிறுமியின் கையில் உருளைக்கிழங்கு ஐந்தாறு இருந்தன. வெளிமாவட்டத்திலிருந்து பெயர் தெரியாதோர் லாரியில் ஏற்றியனுப்பி ஊரார்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டவற்றில் மிஞ்சியவை அவை.

"வைத்துக்கொள், அம்மாடி. குழந்தைக்குச் சமைத்துக் கொடு. இவ்வாண்டு குழம்பு வைக்கவில்லை" என்றார் அம்மையார்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. சற்று நின்று, "ஆச்சி, ஒன்பது நாள் உங்கள் திண்ணையில் உண்டோம். இது யார் வீட்டுக் காய் என்று நாங்கள் கேட்டோமா? எங்கள் கை கொடுப்பது மட்டும் சாமிக்கு ஆகாதா?" என்றாள்.

அம்மையார்க்கு உடனே விடை தோன்றவில்லை. முறத்தைப் பெறாமலும் மறுக்காமலும் உள்ளே சென்று விளக்கின்முன் அமர்ந்தார். அவர் கணவர் மார்கழிதோறும் மாற நாயனார் வரலாற்றைத் திண்ணையில் இருந்து பிள்ளைகட்கு உரைப்பது வழக்கம். முப்பத்தைந்து ஆண்டிற்கு மேலாக அதனைக் கேட்ட அம்மையார், அடுப்பின்முன் நின்ற நாயனார் மனைவியாராகவே தம்மை எண்ணி மகிழ்ந்திருந்தார். வாயிலில் நனைந்து நின்ற விருந்தினனைப் பற்றி அவர் எண்ணியதில்லை. எல்லாம் உடையவன் ஒன்றும் இல்லான்போல வந்து, பிறர் இட்ட கீரையை வாங்கி உண்டான். அவன் அதனை வாங்கியிராவிடின் நாயனாரின் அன்பு எங்கே சென்று நின்றிருக்கும்? கொடுப்பாரின் அன்பு நிறைவெய்துதற்குப் பெறுவார் ஒருவர் வேண்டும். அங்ஙனமிருக்க, ஒன்பது நாள் உண்ட அப்பெண்ணின் அன்பு சென்று தங்குதற்கு இடம் இல்லையாகத் தாம் கதவடைத்ததை அம்மையார் அப்போது உணர்ந்தார். பதிகம் பாடித் திருக்கதவம் திறந்த ஊரின் அருகே இருந்துகொண்டு ஒரு முறத்திற்குக் கதவடைத்தோமே என்று நாணினார். எழுந்து சென்று, இரு கையாலும் முறத்தைப் பெற்றுக்கொண்டு, "நாளை விடியற்காலையில் நீயும் வா, கிழங்கு தேய்க்க ஆள் வேண்டும்" என்றார்.

எஞ்சியது உருளைக்கிழங்கு. ஆசாரம் பேணும் வீடுகளில் திருவாதிரைக் குழம்பிற்கு நாட்டுக் காய்களையே கொள்வர், உருளைக்கிழங்கினை ஒதுக்குவர். அம்மையாரும் அதனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அப்போது மகன், "அம்மா, மிளகாயும் பரங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவைதாமே. பரங்கி என்னும் பெயரே அதனைச் சொல்கிறது. அவற்றை ஏற்ற அடுப்பு இதனை ஏற்காதா?" என்றான். அவன் கூறியது உண்மை. முன்னாளில் விருந்தாய் வந்தவையே இந்நாளில் உறவாய் இருக்கின்றன. எனினும் அம்மையாரைத் துணிவித்தது அவ்வாராய்ச்சியன்று. "அனுப்பியவர் யார் என்று நமக்குத் தெரியாது, உண்பவர் யார் என்று அவர்க்கும் தெரியாது. பெயர் கேளாமல் இட்டது அல்லவா இது" என்று கூறி, அதனையும் ஏழாவதாகக் கொண்டார்.

மறுநாள் விடியலிற் சிறுகிழங்கு சாக்கிலிட்டுத் தேய்க்கப்பட்டது. கருணை புளியில் அடங்கியது. ஊறிய மொச்சையும், பின் உருளைக்கிழங்கும், வாழைக்காயும், அவரையும், இறுதியிற் பரங்கியும் முறைப்படி பானையில் ஏறின. தேங்காய் மட்டும் குறைவாயிருந்தது. சாய்ந்த தென்னைகளில் எடுத்து வைத்தவை களிக்கே சரியாயின. ஆதலின் எள்ளைச் சற்று மிகுத்து அரைத்தனர். குழம்பு வழக்கத்தினும் கறுத்திருந்தது. கூத்தப்பெருமான் திருவுருவப் படத்தின்முன் நிவேதித்த பின்னர், அண்டைவீட்டாரும் எதிர்வீட்டாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். அம்மையாரும் அவருடன் அமர்ந்தார், பரிமாறியவள் அக்கைம்பெண். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அந்நாளில் அம்மையார் பிறர் பரிமாற உண்டது அதுவே முதன்முறை.

அன்று மாலை குறிப்பேட்டை எடுத்து ஏழின் பெயரையும் எழுதினார். "நம் கொல்லையில் விளைந்தவை" என்று கணவர் எழுதிய தலைப்பினை அடிக்கவில்லை. நான்கின் எதிரே ஒன்றும் குறிக்காது விட்டு, அவரையின் எதிரே அப்பெண்ணின் பெயரையும், வாழைக்காயின் எதிரே எதிர்வீட்டார் பெயரையும், உருளைக்கிழங்கின் எதிரே "அடியார்" என்றும் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு ஆடியில் மொச்சை விதை பாதியே இருந்தது. அதனையும் அவர் மூன்று வீட்டார்க்குப் பங்கிட்டார்.

இதனால் அறியத்தக்கது யாது? தன் கொல்லையில் தானே விளைத்து உண்பது குற்றமன்று, அது நற்செயலே. மண்ணைத் தொட்டு உழைத்துக் காலமறிந்து விதைத்துப் பெற்றதை இறைவனுக்குப் படைத்து உண்பார்க்கு அவ்வுணவிற் பெருஞ்சுவை உண்டு. ஆயின் விதைத்தது கையே எனினும், முளைப்பித்த மழையும் பூப்பித்த பனியும் குறுகிய பகலும் ஒருவர் செயலல்ல. தனுவும் கரணமும் புவனமும் போகமும் இறைவன் தந்தவை எனின், "நம் கொல்லை" என்பதும் அவன் கொல்லையே. அண்டைவீட்டு வேலியும் அவன் வேலியே. "பிறர் கை எனக்கு வேண்டா" என்று தூய்மை பாராட்டும் பெருமிதம், உலோபத்தைப்போல் வெளிப்படையாக இராது. அறம்போலத் தோன்றி உள்ளே நின்று "எனது" என்பதனை வளர்க்கும். ஆணவமலத்தின் நுண்மை அத்தகையது.

எல்லார்க்கும் படியளக்கும் பெருமான் பிட்சாடனராய்க் கையிற் கபாலம் ஏந்தி இல்லந்தோறும் பலிக்குச் சென்றதும், மதுரையில் வந்தியின் உதிர்ந்த பிட்டுக்கு ஆளாகி மண்சுமந்ததும் விளையாட்டென்று மட்டும் கொள்ளற்பாலன அல்ல. கொடுத்தல் ஒன்றனையே கற்ற உயிர்க்குப் பெறுதலையும் கற்பித்தற்பொருட்டு அவன் மேற்கொண்ட திருக்கோலங்கள் அவை. எளியார் ஒருவர் அன்போடு நீட்டியதை இரு கையாலும் ஏற்றல், அவர்க்குள் நிற்கும் சிவத்தை வணங்குதலேயாம். இப்பனிக்காலத்தில் அவரைப் பந்தலின் கீழ் நிற்கும் அன்பர்கள், தம் வீட்டிற்கு வேண்டியதைப் பறித்த பின்னர் ஒரு கைப்பிடியை அண்டைவீட்டிற்கு அனுப்புக. அண்டைவீட்டார் ஒரு கைப்பிடி கொணரின், அதனை மறாது பெற்று அன்றைய உலையில் இடுக. இவ்விரண்டும் நிகழும் இல்லத்திற் கூத்தப்பெருமான் கறியமுது கொள்வான் என்பது திண்ணம்.

திருச்சிற்றம்பலம்.